அழுத்தினார், யாரும் வரவில்லை: நோயாளியின் அழைப்புப் பட்டையில் பிழை தேடும் முறை

நடுக்குவாதம் வந்த என் மாமனாருக்காக மணிக்கட்டில் கட்டும் அழைப்புப் பட்டை ஒன்றைச் செய்தேன். பிறகு உறவிலும் தெருவிலும் கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் பழுது ஒவ்வொரு விதமாக வந்தது. இதே பாகங்களை வைத்துச் செய்பவர்கள் அறிகுறியைப் பார்த்துக் காரணத்தை எட்டுவதற்காக இதை எழுதுகிறேன்.

பட்டையில் ஒரு இஎஸ்பி32 சிப் (நிரலை ஓட்டும், வைஃபையும் உள்ள சிறு கணினி), 400 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜர், ஒரு பொத்தான், ஒரு சின்ன விளக்கு, நாணயம் போன்ற அதிர்வு மோட்டார். கூடத்தில் இன்னொரு இஎஸ்பி32, அதோடு ஒலிபெருக்கியும் விளக்கும். இரண்டும் இஎஸ்பி-நவ் முறையில் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கூடத்துப் பெட்டி வீட்டு வைஃபை வழியாகப் பிள்ளைகளின் கைபேசிக்கும் செய்தி அனுப்பும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை. அந்த அழைப்பைச் செய்யக்கூடிய ஆளைப் படுக்கையருகே வரவழைப்பது மட்டுமே இந்தப் பட்டையின் பொறுப்பு.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டையில் ஏதாவது அசைவு தெரிந்ததா? கூடத்து மணி ஒலித்ததா? கைபேசிக்குச் செய்தி போனதா? எந்தக் கேள்விக்கு முதலில் ‘இல்லை’ என்று வருகிறதோ, அங்கேதான் சங்கிலி அறுந்திருக்கிறது. முதல் கேள்வியை நோயாளியிடமே கேளுங்கள். பேச முடியாதவர் என்றால் உங்கள் எதிரே ஒருமுறை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். ‘அவருக்கு அழுத்தத் தெரியவில்லை’ என்று வீட்டார் சொன்ன பல நேரங்களில் தவறு கருவியில்தான் இருந்தது.

அழுத்தினால் பட்டையில் அசைவே இல்லை

பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சும்மா அளந்தால் உண்மை தெரியாது. வேலை செய்யும்போது அளக்க வேண்டும். வைஃபை அலை கிளம்பும் நொடியில் இஎஸ்பி32 சுமார் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நிதானமாக 3.8 வோல்ட் காட்டும் பேட்டரி அந்த இழுப்பில் சரிந்துவிடலாம். யுஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்தால் ஒழுங்காக வேலை செய்து, கழற்றியதும் செத்துப்போகும் பட்டை என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். கணினியில் வரும் வரிகளில் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் சரிந்துவிட்டது) என்ற சொல்லையும் பார்க்கலாம்.

பெரும்பாலும் குற்றவாளி, மலிவான போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், அதாவது பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பாகம். தன் வழியே போகும் மின்னழுத்தத்தில் அது ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். முழுதாக நிரம்பிய 4.2 வோல்ட்டிலிருந்தே சிப்புக்கு 3.1 வோல்ட்தான் போய்ச் சேரும். பேட்டரி பாதி இறங்கினால் 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். எம்இ6211 போலக் குறைவாக விழுங்கி 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய ரெகுலேட்டருக்கு மாறுங்கள். எச்டி7333 சிக்கனமானதுதான், ஆனால் 250 மில்லிஆம்பியரோடு நின்றுவிடும், வைஃபைக்குப் போதாது. சிப்பின் மின்முனைக்கு மிக அருகில் 100 முதல் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் வையுங்கள். மோட்டாரைச் சிப்பின் முனையில் நேரடியாக இணைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டிரான்சிஸ்டர் வழியாக, குறுக்கே ஒரு டையோடு வைத்து ஓட்டுங்கள். செய்தியை அனுப்பி முடித்த பிறகே மோட்டார் சுழலட்டும். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் மறுபடி மின்னழுத்தம் சரியும்.

மின்சாரம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால் நிரலைப் பாருங்கள். ஆழ்துயிலில் இருக்கும் சிப்பைப் பொத்தான் எழுப்புகிறது. அது எழுந்து நிரல் ஓடத் தொடங்கக் கால் நொடி வரை ஆகலாம். அதற்குள் விரல் விலகியிருக்கும். நிரல் ‘பொத்தான் அழுந்தியிருக்கிறதா?’ என்று பார்க்கிறது, இல்லை என்றதும் மறுபடி தூங்கிவிடுகிறது. விரலை எடுக்காமல் அழுத்திப் பார்க்கும் நம் சோதனையில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. லேசாகத் தட்டும் நோயாளியிடம்தான் வெளிப்படும். எழுந்தவுடன் பொத்தானின் நிலையைப் பார்க்காதீர்கள், எழுப்பியது யார் என்பதைப் பாருங்கள். பொத்தான் எழுப்பியிருந்தால் அதுவே அழைப்பு.

நமக்கு வேலை செய்கிறது, அவருக்குச் செய்யவில்லை

இதைத்தான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். தவறுதலான அழைப்புகளைத் தவிர்க்க, மூன்று நொடி தொடர்ந்து அழுத்தினால்தான் அழைப்பு என்று முதலில் வைத்திருந்தேன். நடுக்குவாதத்தில் ஓய்வாக இருக்கும் கை நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை ஆடும். மாமனார் தன்னால் முடிந்த மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார். ஆனால் கால் நொடிக்கு ஒருமுறை விரல் பொத்தானைவிட்டு எழும்பியது. ஒவ்வொரு முறையும் என் நிரல் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அவர் எத்தனை முறை முயன்றிருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதன்பின் ஒரே தொடுகை போதும் என்று மாற்றினேன். பொத்தானின் உலோகத் தகடுகள் துள்ளுவதால் வரும் போலித் துடிப்புகளை விலக்க 20 முதல் 30 மில்லிநொடி காத்திருந்தால் போதும். அதற்கு மேல் நோயாளியிடம் எந்த நிபந்தனையும் வைக்க வேண்டாம். ‘இரண்டு முறை அழுத்தினால் ரத்து’ என்று ஒரு வசதியையும் வைத்திருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். நடுங்கும் விரல் தானாகவே இரண்டு முறை அழுத்தும், தன் அழைப்பைத் தானே ரத்து செய்துவிடும். ரத்துப் பொத்தான் கூடத்துப் பெட்டியில் மட்டும் இருக்கட்டும். வந்து பார்த்த ஆள் அதை அழுத்தட்டும்.

பொத்தானின் கடினத்தையும் அளந்து பாருங்கள். சமையலறைத் தராசில் பட்டையை வைத்து, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் எத்தனை கிராம் விசை வேண்டும் என்பது தெரியும். கடையில் எளிதாகக் கிடைக்கும் சின்னப் பொத்தான்களில் 100, 160, 260 கிராம் வகைகள் உண்டு, வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மூட்டுவாதம் உள்ள விரலுக்கு 260 கிராம் பெரும் பாரம். 100 கிராம் வகையை எடுத்து, மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு அகலமான மூடி வையுங்கள். விரல் நுனி வேண்டாம், உள்ளங்கையாலோ முகவாயாலோ அமுக்கினால்கூட அது இயங்க வேண்டும். தொடு உணரிகளை நான் பயன்படுத்துவதில்லை. ஈரக் கையில் ஏமாற்றும், அழுத்தியது விரலுக்கும் தெரியாது.

எந்தக் கையில் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கையில் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பொத்தானை எந்தக் கையால் அழுத்துவார்? இயங்காத கையில் கட்ட வேண்டும், அப்போதுதான் இயங்கும் கை அதைத் தேடி வரும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. தட்டில் இடப்பக்கம் உள்ள சோற்றைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு இடக்கைப் பட்டை இல்லாததற்குச் சமம். கழுத்தில் தொங்கும் வகையாக நடு மார்பில் இருக்கட்டும். அந்தக் கயிறு இழுத்தால் தானே பிரிந்துவிடும் கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும். கட்டில் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடக்கூடாது.

பட்டை அதிர்கிறது, கூடத்தில் மணி இல்லை

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பயம் தருவது இந்த அறிகுறி. கீழே விழுந்து கிடப்பவர் பொத்தானை அழுத்துகிறார், கை அதிர்கிறது, ஆள் வருவார்கள் என்று நம்பிக் காத்திருக்கிறார். செய்தியோ போய்ச் சேரவே இல்லை. அழுத்தியதும் அதிர்வது என்ற அமைப்பே தவறு. அழுத்தியதும் விளக்கு எரியட்டும். கூடத்துப் பெட்டி மணியை அடிக்கத் தொடங்கி, ‘கேட்டது’ என்று பதில் அனுப்பிய பிறகு ஒரு குறு அதிர்வு வரட்டும். வீட்டில் யாராவது பெட்டியில் உள்ள ‘வருகிறேன்’ பொத்தானை அழுத்தியதும் ஒரு நீண்ட அதிர்வு. மாமனார் இந்த நீண்ட அதிர்வுக்குத்தான் காத்திருப்பார், வந்ததும் முகம் தளரும். இஎஸ்பி-நவ் தானாகத் தரும் ‘அனுப்பியாயிற்று’ என்ற பதிலை நம்பி அதிர்வு கொடுக்காதீர்கள். எதிர்முனை ரேடியோவுக்கு அலை எட்டியது என்பதற்கு மட்டுமே அது சான்று. ஒலிபெருக்கியின் கம்பி அறுந்திருந்தாலும் அந்தப் பதில் வரும்.

இனி காரணத்துக்கு வருவோம். மின்தடை முடிந்து மின்சாரம் வந்த பிறகுதான் இந்தப் பழுது தொடங்கியதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். பல வீடுகளில் ‘ஆமாம்’ என்றே பதில் வரும். இஎஸ்பி-நவ் பேச வேண்டுமானால் இரு பக்கமும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். கூடத்துப் பெட்டி வைஃபையிலும் இணைந்திருப்பதால் ரௌட்டர் எந்தச் சேனலோ அதற்குத்தான் அது போகும். மின்சாரம் போய் வந்ததும் ரௌட்டர் தானாக வேறு சேனலைத் தேர்ந்துகொள்கிறது. பெட்டி அதன் பின்னே போய்விடுகிறது, பட்டை பழைய சேனலிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ரௌட்டர் அமைப்பில் தானியங்கித் தேர்வை நிறுத்தி 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், நாளை ரௌட்டரே மாறலாம். மூன்று முறை அனுப்பியும் பதில் வராவிட்டால் 1 முதல் 13 வரை எல்லாச் சேனல்களிலும் பட்டை தேடட்டும். பதில் கிடைத்த சேனலை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கூடத்துப் பெட்டியில் வைஃபையின் மின்சேமிப்பு முறையையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ரேடியோ அவ்வப்போது கண்ணயரும், அந்த நேரத்தில் வரும் அழைப்பு வீணாகும். பத்து அழைப்பில் இரண்டு மூன்று தவறுகிறது என்றால் இதை முதலில் பாருங்கள்.

மின்தடையின்போது கூடத்துப் பெட்டியே அணைந்துபோனால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பவர் பேங்க் வைப்பதானால் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்துச் சோதியுங்கள். சில வகைகள் சார்ஜ் ஏறும்போது வெளியே மின்சாரம் தராது, சில வகைகள் மாறும் கணத்தில் ஒருமுறை அணைந்து எரியும். ரௌட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைக்கலாம். ஆனால் கூடத்து மணி ரௌட்டரையும் இணையத்தையும் நம்பியிருக்கக் கூடாது. அவை இல்லாவிட்டால் கைபேசிச் செய்தி மட்டும் தவறட்டும்.

குளியலறையிலிருந்து மட்டும் எட்டவில்லை

வழுக்கி விழும் இடம் அதுதான், அலைக்குக் கடினமான இடமும் அதுதான். கான்கிரீட் சுவர், நிறைந்த தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கதவு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தின்னும். மனித உடலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கை உடம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அலை இன்னும் மங்கும். மேசைமேல் வைத்து எடுத்த அளவு இங்கே செல்லாது. பட்டையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, தரையில் உட்கார்ந்து அளந்து பாருங்கள்.

பெட்டிக்குள் ஆண்டெனா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரியின் மேலோ தோலை ஒட்டியோ இருந்தால் வெளிப்பக்க ஓரத்துக்கு மாற்றுங்கள். கீழே செம்புத் தடம் எதுவும் ஓடக்கூடாது. அதுவும் போதவில்லை என்றால் நடுவழியில் மூன்றாவது இஎஸ்பி32 ஒன்றை அஞ்சல்காரனாக வையுங்கள். கழிப்பறை கொல்லைப்புறத்தில் தனியாக இருக்கும் பழைய வீடுகளுக்கு லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை நல்லது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸில் அதை இயக்குங்கள்.

யாரும் தொடாமலே மணி அடிக்கிறது

இந்தப் பழுதைச் சில நாள் பொறுத்துக்கொண்டால், பிறகு உண்மையான அழைப்புக்கும் யாரும் எழுந்து வரமாட்டார்கள். எனவே அன்றே சரிசெய்யுங்கள்.

பொத்தானை இஎஸ்பி32-இன் 34 முதல் 39 வரையிலான முனைகளில் இணைத்திருக்கிறீர்களா? அழுத்தாதபோது முனையை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் இழுப்பு ரெசிஸ்டர் அவற்றுக்கு உள்ளே கிடையாது. நிரலில் கேட்டாலும் கிடைக்காது. அந்த முனை காற்றில் மிதக்கும், மிக்ஸி ஓடினாலும் மின்விசிறியைச் சுழற்றினாலும் மணி அடிக்கும். வெளியே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்கு இணையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. வெயில் காலத்தில் மட்டும் வருகிறது என்றால் வியர்வையைச் சந்தேகியுங்கள். உப்புநீர் பொத்தானின் கால்களுக்கிடையே பாலம் போட்டுவிடும். ஸ்பிரிட்டால் துடைத்து, நீர்புகாப் பூச்சு கொடுங்கள்.

இரவில் மட்டும் வருகிறதா? ஒருக்களித்துப் படுக்கும்போது பொத்தான் மெத்தையில் அமுங்குகிறது. பொத்தானைச் சுற்றி அதைவிட ஒரு மில்லிமீட்டர் உயரமாக ஒரு வளையம் வையுங்கள். வளையம் போட்டபின் நோயாளியால் அழுத்த முடிகிறதா என்று மறுபடி பாருங்கள்.

விழுந்ததைத் தானாக அறியும் எம்பியு6050 உணரியைச் சேர்த்திருந்தால் பொய் அழைப்பு நிச்சயம் வரும். கைதட்டினால், துணியை உதறினால் அதற்கு விழுந்தது போலத் தெரியும். அந்த உணரி தொடக்கத்தில் ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு வரைதான் அளக்கும், மோதலின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும். 8 அல்லது 16 மடங்குக்கு மாற்றுங்கள். எடையிழந்த ஒரு கணம், பின் பலத்த மோதல், அதன்பின் சில நொடி அசைவின்மை, மூன்றும் அடுத்தடுத்து வந்தால் மட்டுமே அழைப்பு எழட்டும். அப்படியும் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தவரை அது பிடிக்காது. ஆகவே பொத்தானை முழுதாக நம்பத்தக்கதாக ஆக்கிய பிறகே இதில் நேரம் செலவிடுங்கள்.

இரண்டு நாளில் சார்ஜ் தீர்கிறது

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். சிப் ஆழ்துயிலில் சில மைக்ரோஆம்பியரே குடிக்கும். ஆனால் ஏஎம்எஸ்1117 தனக்கென்று சுமார் 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி சிப்பும் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கும் சேர்ந்தால் 10-ஐத் தொடும். 400-ஐப் பத்தால் வகுத்தால் 40 மணி நேரம். முழு போர்டை விட்டுவிட்டுச் சிப் தொகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். பேட்டரி அளக்கும் இரு ரெசிஸ்டர்கள் 10 கிலோஓம் என்றால் அவையும் 0.2 மில்லிஆம்பியர் வரை ஓயாமல் குடிக்கும், ஒரு மெகாஓமாக மாற்றுங்கள். அந்த அளவு முன்னும் பின்னும் துள்ளினால் 32 முதல் 39 வரையுள்ள முனைக்கு மாறுங்கள். மற்ற அளவீட்டு முனைகள் வைஃபை ஓடும்போது உதவாது. விழுதலறியும் உணரியில் சுழற்சியை அளக்கும் சுழல்மானி ஓடிக்கொண்டிருந்தால் அதுவே 4 மில்லிஆம்பியர் அளவுக்கு எடுக்கும்.

பேட்டரி சூடாகிறது அல்லது உப்புகிறது என்றால் உடனே பட்டையைக் கழற்றுங்கள். டிபி4056 பலகை 1,000 மில்லிஆம்பியர் தரும்படி வருகிறது, 400 கொள்ளளவுள்ள பேட்டரிக்கு அது இரண்டரை மடங்கு. பலகையில் ‘122’ என்று எழுதிய சிறு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5.1 கிலோஓம் வைத்தால் சுமார் 235 மில்லிஆம்பியராகக் குறையும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. கையில் கட்டியபடி சார்ஜ் போடும் பழக்கமும் வேண்டாம். இரண்டு பட்டைகள் செய்து மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

மணி அடித்தது, யாருக்கும் கேட்கவில்லை

நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் பல வீடுகளில் எழுபதைத் தாண்டியவர்தான். வயதில் முதலில் குறைவது உச்ச சுருதியைக் கேட்கும் திறன். சின்ன பஸர்கள் கீச்சிடுவதோ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில். நமக்குக் காதைத் துளைக்கும் ஒலி பாட்டிக்கு எட்டவே எட்டாது. அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதிகள் உறங்கும் அறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ்வொலியைக் கேட்பதற்கும் இத்தகைய அனுபவமே காரணம். அதே அளவில் ஒரு சிறு ஒலிபெருக்கியை ஒலிக்கவிடுங்கள், கூடவே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியட்டும்.

மாதக்கணக்கில் அழைப்பே இல்லை

அவர் நலமாக இருக்கலாம். பட்டை செத்துப்போயும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அப்படித் தெரியவிடக்கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டை எழுந்து ‘இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பட்டும், கூடவே பேட்டரியின் நிலையையும் சொல்லட்டும். மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் கூடத்துப் பெட்டி வேறொரு மெல்லிய ஒலியில் முறையிடட்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. 100 மில்லிஆம்பியரில் 0.3 நொடி விழித்தால், பத்து நிமிடத்துக்குச் சராசரி 0.05 மில்லிஆம்பியர். அதே வேலையை ரௌட்டரோடு முழுதாக இணைந்து நான்கு நொடியில் செய்தால் அது 0.7-ஐ நெருங்கும். இஎஸ்பி-நவ் முறையை நான் விடாததற்கு இதுவே காரணம்.

பட்டை உயிரோடு இருந்தும் அழைப்பில்லை என்றால் அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். தோல் சிவந்திருக்கிறதா, கொக்கியின் நிக்கல் அரிக்கிறதா, வார் இறுக்கமா என்று கேளுங்கள். நான் பட்டை செய்து கொடுத்த பெரியம்மா ஒருவர் விருந்தாளிகள் வந்தால் அதைக் கழற்றி ஒளித்துவைத்தார். மருத்துவமனை நினைவு வருகிறதாம். அவருடைய பழைய கைக்கடிகாரத்தின் பழுப்புத் தோல் வாரில் அதே பெட்டியைப் பொருத்திக் கொடுத்தேன், அதன்பின் கழற்றவில்லை.

இவ்வளவும் சரிசெய்த பிறகு, பட்டையை நீங்களே கட்டிக்கொண்டு குளியலறைத் தரையில் ஒருக்களித்துப் படுங்கள். பட்டை கட்டிய கை உடம்புக்கு அடியில் இருக்கட்டும். வீட்டாரிடம் சொல்லாமல், நடுமதியத்தில், மற்றொரு கையின் சுண்டுவிரலால் பொத்தானைத் தேடி அழுத்திவிட்டு, கதவு திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.